இடது பக்கத்தில் மெர்லின்

மே 5, திங்கள்

மிஸ்டு கால் 9.24. ஸ்தோத்திரம்.

பால் ஒரு லிட்டர். கேஸ் சிலிண்டர் இன்று மாற்றியது. போன சிலிண்டர் முப்பத்தெட்டு நாள் வந்திருக்கிறது.

காலையில் வண்டி வெளியே போகும்போது சைடு கார் கேட்டில் உரசி, மட்கார்டில் ஒரு சாண் நீளத்துக்குப் பெயிண்ட் போய்விட்டது. கேட் பாதி சாத்தியிருந்தது, அதனால்தான். அத்தான் இறங்கிப் பார்த்துவிட்டு, "கேட்ட யாரு இப்படி வச்சது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். மெர்லின் சைடு காருக்குள் இருந்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தாள்.  பிறகு பஸ் கண்டக்டர் மாதிரி தகரத்தைத் தட்டி, "போலாம், ரைட்!" என்றாள். போய்விட்டார்கள்.

மகள் மெர்லினுக்கு இருபத்து நாலு வயது. பிறந்ததிலிருந்தே இரண்டு காலிலும் வலு இல்லை. அதற்கும் சேர்த்து வாயில் வைத்திருக்கிறாள். ஜங்ஷன் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் ரிப்போர்ட் டைப் செய்கிறாள். அவளுக்காகத்தான் அத்தான் பழைய கியர் ஸ்கூட்டருக்கு லேத் பட்டறையில் சொல்லி, அவளுடைய சக்கர நாற்காலி உயரத்துக்கே சைடு கார் செய்து மாட்டினார். ஆர்.சி. புத்தகத்திலும் அதை ஏற்றி வாங்கினார். பக்கக் கதவைத் திறந்தால் அவளே கையை ஊன்றி நகர்ந்து உட்கார்ந்துகொள்வாள். ஆட்டோ என்றால் யாராவது தூக்கி வைக்க வேண்டும். காலேஜ் போகிற காலத்தில் ஒரு ஆட்டோக்காரர் தூக்கிவிட்ட விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. அன்றோடு ஆட்டோ முடிந்தது.

லேபில் இறங்கியதும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். அதுவரை நான் அடுப்படி ஜன்னலை விட்டு நகர்வதில்லை.

மே 9, வெள்ளி

மிஸ்டு கால் 9.41. பாலத்தில் நெரிசலாம். அந்தப் பதினேழு நிமிடம் நான் என்ன செய்தேன் என்று எழுத விருப்பமில்லை.

மே 14, புதன்

மிஸ்டு கால் 9.26. ஸ்தோத்திரம்.

சாயங்காலம் ஜெபக் கூட்டத்துக்கு மூவருமாகப் போனோம். நான் அத்தானுக்குப் பின்னால். மெர்லின் வழி நெடுக வாய் ஓயவில்லை. "லெஃப்ட்ல சைக்கிள்", "லெஃப்ட்ல ஆடு, ரெண்டு ஆடு", "லெஃப்ட் கிளீன், போலாம் ரைட்." தண்ணீர்த் தொட்டி முக்கில் திடீரென்று, "ஹோல்டான்!" என்று கத்தினாள். பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கண்டக்டர்கள் போடுவார்களே, அதே சத்தம். அத்தான் பிரேக்கை மிதித்தார். என் நெற்றி அவர் முதுகில் இடித்தது. சைடு காரை ஒட்டி ஒரு பெரியவர் கையில் பால் தூக்கோடு நின்றிருந்தார்.

"கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு ஒமக்கு?" என்று கேட்டார்.

"நீரு ரோட்டு நடுவுல நின்னா நான் பறந்தா போவேன்?" என்றார் அத்தான். பெரியவர் நின்றது ரோட்டு ஓரத்தில்.

அப்பாவும் மகளும் இப்படி பஸ் விளையாட்டு விளையாடுவது வழக்கம். வீட்டிலிருந்து ஆலயம் போய்ச் சேர்வதற்குள் பத்தொன்பது தடவை சத்தம் கொடுத்தாள். சும்மாதான் எண்ணினேன்.

வீட்டுக்கு வந்து அத்தான், தையல் கடைக்கு வந்திருந்த பாடகர் குழு அங்கிக்குப் பொத்தான் தைத்தார். கருப்பு நூலை ஊசியில் ஒரே தடவையில் கோர்த்தார். கண்ணில் குறை உள்ளவர்களால் இது முடியுமா? முடியாது. காப்பி டம்ளரைத்தான் தட்டிவிட்டார். இடது கைப் பக்கம் வைத்தது என் தவறு. இனிமேல் வலது பக்கம் வைக்க வேண்டும்.

மே 19, திங்கள்

மிஸ்டு கால் 9.23.

நான் வண்டி படிக்கப் போகிறேன். எழுதிவிட்டால் மாற முடியாது என்பதற்காக எழுதுகிறேன். எனக்கு நாற்பத்தேழு வயது. சைக்கிள் ஓட்டியதுண்டு, அதுவும் எட்டாம் வகுப்போடு படிப்பு நின்ற வருடம் வரைக்கும்தான்.

அத்தானிடம், "யூனிபார்ம் சீசன்ல நீங்க கடைய விட்டுட்டு அலையாண்டாம். மெர்லின நான் கொண்டு விடுதேன்" என்றேன்.

அவர் இட்லியைப் பிட்டுக்கொண்டே இருந்தார். "வண்டிய நான் நல்லாத்தான ஓட்டுதேன்?"

"நல்லா ஓட்டலன்னு யாரு சொன்னா?"

"பின்னே?"

"ஒரு ஒத்தாசைக்குத்தான், அத்தான்."

"ஒனக்கு மிக்ஸி சுத்துனாலே பயம்" என்றார். சிரிக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி இசக்கியம்மாளைப் போய்ப் பார்த்தேன். என்னைவிடச் சின்னவள். லாரி வரைக்கும் ஓட்டுவாளாம். சட்டைக் காலருக்குள் கர்ச்சீப் வைத்திருக்கிறாள். சைடு கார் என்றதும் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"யக்கா, எங்கிட்ட ரெண்டு சக்கரம் இருக்கு, நாலு இருக்கு. மூணுக்கு எங்க போவேன்? ஒங்க வண்டியையே கொண்டாங்க, சேந்து படிப்போம்." தனி லைசென்ஸ் எடுக்க வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாமாம். சைடு கார் மாட்டினாலும் அது கியர் டூ வீலர் லைசென்ஸில்தான் வரும். முதலில் எல்.எல்.ஆர். எடுத்து முப்பது நாள் பழக வேண்டும், பிறகு பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் எட்டுப் போட்டுக் காட்ட வேண்டும்.

"எல்.எல்.ஆர். வச்சிருக்கும்போது சொல்லித் தார ஆளத் தவிர வேற யாரையும் ஏத்தக் கூடாது. ஒங்க மகளையும்தான்" என்றாள்.

அப்படியானால் ஜூன் முடிகிற வரை அத்தான்தான் கொண்டு விட வேண்டும். நாற்பது நாளுக்கு மேல் ஆகும். கர்த்தர் பார்த்துக்கொள்வார்.

மே 28, புதன்

மிஸ்டு கால் 9.25. பால் ஒரு லிட்டர், தயிர் அரை.

எல்.எல்.ஆர். கிடைத்தது. போக்குவரத்துச் சின்னங்களையெல்லாம் பத்து நாளாகச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்துப் படித்தேன். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு கேள்வியாக வந்தது, விடையைத் தொட வேண்டும். விரல் சரியாகப் படாமல் இரண்டு தடவை தொட வேண்டியிருந்தது. வெள்ளைக் கோலோடு பார்வையற்றவர் ஒருவர் ரோட்டைக் கடந்தால் ஓட்டுநர் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு கேள்வி. வெள்ளைக் கோலை நிறுத்தச் சொல்லும் அடையாளமாக எடுத்துக்கொண்டு வண்டியை நிறுத்த வேண்டும். அதற்கு மட்டும் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். விடை தெரியாமல் இல்லை.

ஜூன் 3, செவ்வாய்

மிஸ்டு கால் 9.22. கால் ஊன்றியது: 14.

அத்தான் அவளை விட்டுவிட்டு வந்து சாவியைக் கொடுத்தார். இசக்கி ஓட்ட, நான் பின்னால் உட்கார, பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனோம். கிக்கரை உதைத்ததில் கணுக்கால் வீங்கிவிட்டது. கிளட்சை விட்டதும் வண்டி என்னைக் கேட்காமலே பாய்ந்தது. "இயேசுவே" என்று அலறியதில் கிரிக்கெட் விளையாடிய பையன்கள் நின்று பார்த்தார்கள். பயம் வரும்போதெல்லாம் காலைக் கீழே ஊன்றுகிறேன்.

இசக்கி தலையில் அடித்துக்கொண்டாள். "மூணு சக்கர வண்டில எதுக்குக்கா காலு? அதுவா விழப் போகுது?"

"விழாதுன்னு அதுக்குத் தெரியும். எனக்குத் தெரியாண்டாமா?"

"நல்லா பேசுதிய. இதே மாரி ஓட்டுங்க."

திரும்பும்போது உடம்பைச் சாய்க்கிறேனாம். சைக்கிள் பழக்கம். இந்த வண்டி சாயாது, கையால்தான் திருப்ப வேண்டும். ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் இடது பக்கம் இழுக்கிறது. பிரேக் பிடித்தால் வலது பக்கம் இழுக்கிறது. நேராகப் போக வேண்டுமென்றால் ஓயாமல் அதோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. அத்தான் ஒரு கையால் ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.

ஜூன் 9, திங்கள்

மிஸ்டு கால் 9.30. கால் ஊன்றியது: 9.

கூட ஓடி வந்ததில் கால் வலிக்கிறதென்று இசக்கி சைடு காரில் ஏறி உட்கார்ந்துகொண்டே சொல்லித் தந்தாள். வண்டி இன்று நன்றாக அடங்கிப் போயிற்று. இனி தினமும் அப்படியே வரச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

மிஸ்டு கால் 9.52.

அரை மணி நேரம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றேன், உள்ளங்கையில் துரு ஒட்டியிருந்தது. அடுப்பில் பருப்பு கரிந்துவிட்டது. நான் கூப்பிட்டும் எடுக்கவில்லை. கடைசியில் போன் மணி அடித்து நின்றபோது அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சாயங்காலம் கேட்டேன். "வண்டி ஸ்டார்ட் ஆகல" என்றார் அத்தான். "பஞ்சர்" என்றாள் மெர்லின், அதே நேரத்தில். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, பஞ்சர் ஒட்டிய பின் ஸ்டார்ட் ஆகவில்லை என்றார்கள்.

சரி என்று தோசை வார்க்கப் போனேன்.

ஜூன் 22, ஞாயிறு

கால் ஊன்றியது: 2.

ஆராதனை முடிந்து, மதியத்துக்கு மேல் மெர்லினைச் சைடு காரில் வைத்து மைதானத்துக்குள் ஓட்டினேன். ரோட்டில்தானே கூடாது, மைதானத்துக்குள் என்ன என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். எட்டு நன்றாக வந்தது. மெர்லின் ஒரு சத்தமும் கொடுக்கவில்லை. சீட்டில் தலையைச் சாய்த்து, வேப்ப மரத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"என்ன கண்டக்டர், இன்னைக்கு லீவா?" என்று கேட்டேன்.

"ஒங்களுக்கு எதுக்கும்மா கண்டக்டரு?" என்றாள். சற்றுப் பொறுத்து, "டெஸ்டு என்னைக்கு?"

"முப்பதாம் தேதி."

"அதுக்கு முன்னால வைக்க மாட்டாங்களா?"

"ஏன்?"

"தொண்ட வலிக்கிம்மா."

வீட்டுக்கு வந்து சுக்குத் தட்டிப் போட்டுக் காப்பி கொடுத்தேன். சீதோஷ்ணம் மாறினால் தொண்டை கட்டத்தான் செய்யும்.

ஜூன் 26, வியாழன்

மிஸ்டு கால் 9.27.

அத்தானுடைய லைசென்ஸ் அடுத்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்க டாக்டர் சான்றிதழ் வேண்டும். காலையில் போனவர் சிரித்த முகமாக வந்தார்.

"சுவத்துல எழுத்து மாட்டியிருக்காங்கல்லா, கடைசி வரி வரைக்கும் வாசிச்சிட்டேன் நேசம். இந்த வயசுல இப்படி ஒரு கண்ணான்னு டாக்டரே கேக்காரு."

"ஸ்தோத்திரம்" என்றேன்.

"ஒன் வாய்தான் சொல்லுது. மூஞ்சி வேற என்னமோ சொல்லுதே?"

"சந்தோஷம்தான் அத்தான்."

எதிரே இருக்கிற எழுத்தைத்தான் வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்தில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது. நான் ஏன் இதை எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜூன் 30, திங்கள்

மிஸ்டு கால் வந்தபோது நான் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வரிசையில் நின்றிருந்தேன். அத்தான் அவளை விட்டுவிட்டு வண்டியை அங்கேயே கொண்டுவந்து இசக்கியிடம் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். எல்லாரும் என் பிள்ளை வயது. சைடு காரைப் பார்த்து செல்போனில் படம் எடுத்தார்கள்.

இசக்கி வழக்கம்போல் சைடு காரில் ஏறப் போனாள். பிரேக் இன்ஸ்பெக்டர் கையைக் காட்டினார். "நீங்க எங்கம்மா ஏறுதிய? ஓட்டுறவங்க மட்டும்."

"சார், சைடு கார் காலியா இருந்தா..."

"காலியாத்தான் இருக்கணும். நீங்க ஏறுனா டெஸ்டு ஒங்களுக்கா, அவங்களுக்கா?"

இந்த மூன்று வாரத்தில் காலிச் சைடு காரோடு நான் ஓட்டியதே இல்லை. ஒன்று இசக்கி இருப்பாள், இல்லாவிட்டால் மெர்லின். அது என் மண்டையில் அப்போதுதான் உறைத்தது.  ஜெபித்துக்கொண்டே கிளம்பினேன். தரையில் எட்டு வரைந்திருந்த கோட்டுக்கு வெளியே பெரிதாகச் சுற்றச் சொன்னார். வலது வளைவு சரியாக வந்தது. இடது பக்கம் திருப்பினேன். சைடு கார் சக்கரம் தரையை விட்டு மேலே எழும்பியது. மகள் உட்காருகிற இடம் என் தோள் உயரத்துக்கு ஏறி வந்ததைப் பார்த்தேன். பிரேக்கையும் கிளட்சையும் சேர்த்து அமுக்கி, இரண்டு காலையும் ஊன்றிக் கண்ணை மூடிக்கொண்டேன். சக்கரம் தொப்பென்று கீழே விழுந்தது.

இன்ஸ்பெக்டர் கெட்டவர் இல்லை. பக்கத்தில் வந்து, "காலி வண்டி தூக்கத்தாம்மா செய்யும். கனமா ஏதாச்சும் வச்சிட்டு வாங்க. ஆளு வேண்டாம், மூட்டை வைக்கலாம். ஏழு நாளு கழிச்சு வாங்க" என்றார்.

இசக்கி வழியெல்லாம் புலம்பினாள். "என் சோம்பேறித்தனம்தான்க்கா ஒங்களக் கவுத்துட்டு. நான் ஏறி ஒக்காந்திருக்கவே கூடாது."

கவிழவில்லை. ஆனால் எழுத்து கோணலாக இருக்கிறது.

ஜூலை 1, செவ்வாய்

மிஸ்டு கால் 9.44.

அத்தானுடைய லைசென்ஸ் புதுப்பித்து வந்துவிட்டது. பத்து வருடம் இளையவராகப் படத்தில் இருக்கிறார். அலமாரியில் என் தோற்றுப்போன தாளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இனி நீ கெடந்து அலையாண்டாம். அதான் எனக்கு வந்துட்டுல்லா" என்றார் ஆதரவாக.

மெர்லின் சாப்பிடவில்லை. தொண்டை வலிக்கிறதாம்.

ஜூலை 2, புதன்

இன்று மிஸ்டு கால் இல்லை.

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

காலை ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும். மெர்லின் சைடு காரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அத்தான் கிக்கரை உதைத்தார். கேட்டை நான்தான் அகலத் திறந்து வைத்தேன். திறந்தபின் வழியை விட்டு விலகியிருக்க வேண்டும். விலகவில்லை. முன்கூட்டி யோசித்துச் செய்ததில்லை. கேட்டுக்கு உள்ளே, இடது தூணை ஒட்டி, சைடு கார் வந்தால் என் மேல்தான் மோதும் என்கிற இடத்தில் நின்றேன். மஞ்சள் சேலை கட்டியிருந்தேன். நல்ல வெயில்.

அத்தான் நேராகப் பார்த்தார். கேட்டுக்கு வெளியே ரோட்டைப் பார்த்தார். வண்டியை எடுத்தார்.

மெர்லின் என்னைப் பார்த்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் பத்தடி இருந்தது. அவள் வாய் திறந்தது. ஹோல்டான் என்று சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். வாயை மூடிக்கொண்டாள். இரண்டு கையாலும் தகர விளிம்பைப் பிடித்துக்கொண்டு, என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல், உதட்டைக் கடித்துக்கொண்டு வந்தாள். நானும் சத்தம் போடவில்லை. பயத்தில் எனக்குச் சேலை நனைந்துவிட்டது. அதையும் எழுதிவிடுகிறேன். ஆனாலும் நகரவில்லை.

சைடு காரின் மூக்கு என் முழங்காலுக்குக் கீழே இடித்துத் தூணோடு சாய்த்தது. மெதுவாகத்தான் வந்தது, இருந்தாலும் எலும்பில் பட்டது.

வண்டி நின்றது. அத்தான் என்னைப் பார்க்காமல் நேராகப் பார்த்தபடியே கேட்டார், "யாரு?"

நான் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

"யாரு அங்க? மெர்லின், என்னத்துல இடிச்சேன்?"

மெர்லின் அழுதுகொண்டிருந்தாள். அவர் தலையை இடது பக்கம் திருப்பினார், இன்னும் திருப்பினார், தோளோடு சேர்த்து முழுசாகத் திருப்பிய பிறகுதான் அவர் கண் என்மேல் வந்து நின்றது. நான் மூன்றடி தூரத்தில் இருந்தேன்.

"நேசம்" என்றார். "நீ எப்ப வந்த?"

"நான் இங்கனதான் நிக்கேன் அத்தான். நீங்க வண்டி எடுக்கதுக்கு முன்னாலயே."

இன்ஜினை அணைத்தார். வண்டியை விட்டு இறங்கவில்லை. ஹேண்டில்பாரில் இரண்டு கையும் வைத்து, அதன் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்ததில்லை, இன்றும் பார்க்கவில்லை. முதுகு மட்டும் தெரிந்தது.

மெர்லின்தான் பேசினாள். "அப்பா, இனி என்னால முடியாதுப்பா. ரோட்ட முழுசும் நான் பாக்கணும். ஒரு நாள் தும்மல் வந்தா என்ன செய்யது? நான் ஒரு நிமிஷம் கண்ண மூடுனா என்ன செய்யது?"

"சொல்லியிருக்கலாம்லா தாயி?"

"சொன்னா நான் வீட்டுல கெடக்கணும். நீங்க கடைல கெடக்கணும். அம்மா சன்னல்ல நிக்கணும்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "அம்மாவுக்குத் தெரியும். தெரியாத மாரி இருந்தாங்க. எல்லாரும்தான் இருந்தோம்."

அது உண்மை. மே 5-ஆம் தேதி கேட் பாதி சாத்தியிருந்தது என்று எழுதியிருக்கிறேன். கேட் திறந்துதான் இருந்தது. பெரியவர் ரோட்டு நடுவில் நிற்கவில்லை, அதையாவது சரியாக எழுதினேன். பஸ் விளையாட்டு விளையாட்டில்லை என்று எனக்குத் தெரியும். கிறிஸ்மஸுக்கு முன்பிருந்தே தெரியும். பால் கணக்கில் கால் லிட்டர் தப்ப விடாதவள், இதில் மட்டும் ஆறு மாதமாகப் பொய்யாய் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். வாய் திறந்து சொல்லிவிட்டால் அது நடந்துவிடும் என்று பயம். சொல்லாமல் விட்டு, தினமும் காலையில் பெற்ற பிள்ளையை அதில் ஏற்றி அனுப்பினேன்.

முழங்காலுக்குக் கீழே கறுத்துப்போயிருக்கிறது. அத்தான் ஐஸ் வைத்துக் கட்டினார்.  சாவியை உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கடைக்கு நடந்து போனார். திருப்பம் மறைகிற வரை பார்த்துக்கொண்டு நின்றேன். இடது பக்கச் சுவரைத் தொட்டுத் தொட்டுப் போனார்.

மெர்லின் லேபுக்குப் போன் செய்தாள். ஒரு வாரம் லீவு கொடுத்திருக்கிறார்கள். அதற்கு மேல் என்றால் வேறு ஆள் பார்ப்பார்களாம்.

ஜூலை 5, சனி

கால் ஊன்றியது: 6. எல்லாம் இடது வளைவில்.

மெர்லின் நாற்பத்தொரு கிலோ. போன மாதம் ஆஸ்பத்திரியில் எடை பார்த்தது. இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை ஒன்று, மீதிக்குப் பதினாறு கிலோ அரிசியைக் கோணிச் சாக்கில் அளந்து கட்டி, சைடு காரில் வைத்து ஓட்டுகிறேன்.

"எடைக்கு எடை அரிசியா? துலாபாரம் குடுக்கது நம்ம சபைல உண்டா என்ன?" என்று கேட்டாள் மெர்லின். வீட்டில் மூன்று நாளுக்குப் பிறகு சிரிப்புச் சத்தம் கேட்டது. அத்தான் சிரிக்கவில்லை. ஆனால் எழுந்து வந்து, சாக்கு நகராமல் இருக்க நாடா தைத்துக் கட்டித் தந்தார்.

"இடது பக்கம் திரும்பும்போது ஆக்ஸிலேட்டர விட்டுராத. பயந்து விட்டேன்னா தூக்கும்" என்றார். இத்தனை நாளில் வண்டியைப் பற்றி எனக்கு அவர் சொல்லித் தந்தது இது ஒன்றுதான்.

ஜூலை 8, செவ்வாய்

பாஸ்.

இடது வளைவில் ஆக்ஸிலேட்டரை விடவில்லை. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் நினைவில்லை. இறங்கியபின் சைடு காரில் இருந்த அரிசி மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். இசக்கி என்னைக் கட்டிப்பிடித்து, "இசக்கியம்மனுக்கு ஒரு பொங்கல் போடுதேன், நீங்க ஒங்க சாமிக்குச் சொல்லிக்கிடுங்க" என்றாள்.

ஜூலை 9, புதன்

நானே ஓட்டிக்கொண்டு போய் மெர்லினை லேபில் விட்டேன். அவள் அத்தானுக்கு மிஸ்டு கால் கொடுத்தாள். ஒரு மணி கூட முழுசாக அடிக்கவில்லை, எடுத்துவிட்டார்.

ஜூலை 11, வெள்ளி

பால் ஒரு லிட்டர்.

மெர்லினை விட்டுவிட்டு வந்து, அத்தானைச் சைடு காரில் உட்கார வைத்துக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.  விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

டாக்டர் சின்ன வயதுப் பெண். கிண்ணம் மாதிரி இருந்த ஒரு இயந்திரத்துக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, உள்ளே வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் கையிலிருக்கும் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். புள்ளி எனக்குத் தெரியாது, பொத்தான் சத்தம் மட்டும் கேட்டது. டிக் டிக்கென்று வந்துகொண்டிருந்தது, நின்றுவிட்டது. இயந்திரம் ஓடுகிறது, சத்தம் வரவில்லை. முடிந்துவிட்டதா என்று கேட்டேன். இல்லையம்மா, புள்ளி வந்துகொண்டுதான் இருக்கிறது என்றாள் அங்கிருந்த நர்ஸ்.

அச்சடித்து வந்த தாளில் இடது பக்கம் முழுவதும் கறுப்பு. கண்ணுக்குள் அழுத்தம் கூடி ஓரப் பார்வையைத் தின்றிருக்கிறதாம். போனது வராது. சொட்டு மருந்து விட்டால் இருக்கிறதைக் காப்பாற்றலாம்.

"எத்தன நாளாய்யா இப்படி இருக்கு?" என்று டாக்டர் கேட்டார்.

அத்தான் என் பக்கம் திரும்பவில்லை. "ரெண்டு வருஷம் இருக்கும்மா."

நான் ஆறு மாதம் என்று நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ஞாயிறும் விடுமுறையும் போக, வருடத்துக்கு இருநூற்றுத் தொண்ணூறு நாள். இரண்டு வருடத்துக்கு ஐந்நூற்று எண்பது. போக ஒன்று, வர ஒன்று. ஆயிரத்து நூற்று அறுபது. இத்தனை தடவை என் பிள்ளை அந்தக் கறுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து போய், உயிரோடு வந்து சேர்ந்திருக்கிறாள். நான் போன் மணி கேட்டதும் ஒரு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, குழம்பைக் கிளறப் போயிருக்கிறேன். எதற்கென்று தெரியாமல் சொன்னது கணக்கில் சேராது.

முழங்காலில் நின்று, முதலிலிருந்து பயணத்துக்கு ஒன்றாக ஸ்தோத்திரம் சொல்லத் தொடங்கினேன். அடிபட்ட கால் வலித்தது. அறுபது தாண்டியபோது அத்தான் வந்து பக்கத்தில் மண்டியிட்டார். அவர் என் வலது பக்கத்தில் இருந்ததால் நான் அவருடைய இடது பக்கத்தில், அவருக்குத் தெரியாத பக்கத்தில் இருந்தேன். கையால் தடவி என் கையைக் கண்டுபிடித்தார்.

"எத்தன ஆச்சு?"

"அறுவத்து மூணு."

என் கையை விடவில்லை. "போன வருஷம் பாலத்து மேல ஒரு லாரி வந்துது, நேசம். அதுக்கு மட்டும் ரெண்டு தடவ சொல்லு."

எந்த லாரி என்று நான் கேட்கவில்லை. இரண்டு தடவை சொன்னேன்.